நியோனா, ஒயிட் கிளவுடா? மலையகத் தொட்டிக்கு எந்த மீன்?

நானுஓயாவில் என் வீட்டு மேசையில் 30 லீற்றர் தொட்டி ஒன்று இருக்கிறது. தை மாதத்து விடியற்காலையில் அதன் வெப்பமானி 14 பாகை செல்சியஸ் காட்டும். வெயில் ஏறிய மத்தியானத்தில் 18. இந்த இரண்டு எண்களையும் பார்க்காமல் மீன் வாங்குவது அளவெடுக்காமல் சட்டை தைக்கக் கொடுப்பதற்குச் சமம்.

மீன் வளர்ப்பு பற்றி நாம் வாசிக்கும் அறிவுரைகள் பெரும்பாலும் சென்னையையோ கொழும்பையோ மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே தண்ணீர் தானாகவே 27, 28 பாகையில் நிற்கும்; ஹீட்டர் என்ற பேச்சே எழாது. யாழ்ப்பாணத்தவருக்கோ சுண்ணாம்புக்கல்லில் ஊறிய கடினமான கிணற்று நீர். மலையூற்றிலிருந்து வரும் நம்முடைய பீலித் தண்ணீர் வேறு வகை. கடும்பாறை இடுக்குகளில் கசிந்து வருவதால் அதில் சுண்ணாம்பு மிகக் குறைவு. சவர்க்காரம் உடனே நுரைக்கும். கேத்தலின் அடியில் வெள்ளை படியாது. ஆகவே மலையகத்துச் சின்னத் தொட்டிக்கு வரும் மீன் குளிர், மென்னீர் என்ற இரண்டையும் ஏற்க வேண்டும். ஒன்றை ஏற்று மற்றதில் தடுமாறும் மீன்கள்தான் கடைகளில் அதிகம்.

நியோன் டெட்ரா அப்படிப்பட்டது. தாவரங்கள் நிறைந்த தொட்டி என்றதும் எல்லோர் கண்ணிலும் முதலில் நிற்பது அந்த நீலக் கோடும் சிவப்பு வாற்பகுதியும்தான். மூன்று சென்ரிமீற்றர் நீளம், சாது, செடியைக் கடிக்காது. மேல் அமேசனில், இலைகள் ஊறிக் கறுத்த, உப்புகள் அற்ற ஓடைகள் அதன் தாயகம். அதனால் நமது மென்னீர் நியோனுக்குப் பிறந்த வீடு மாதிரி. யாழ்ப்பாணத்தில் இதை வளர்ப்பவர்கள் மழைநீர் சேர்த்துப் பாடுபட வேண்டும். நாம் குழாயைத் திறந்தால் போதும்.

சிக்கல் குளிரில் வருகிறது. நியோனுக்கு 21 முதல் 25 பாகை வேண்டும். நாட்கணக்கில் 18க்குக் கீழே நின்றால் உணவைக் குறைக்கும், நிறம் மங்கும், நோய்க்கு இடம் கொடுக்கும். எனவே ஹீட்டர் கட்டாயம். 25 வொற் ஹீட்டர் நாளில் பாதி நேரம் எரிந்தால் மாதம் 9 அலகு மின்சாரம். மாதத்துக்கு 30 அலகுக்குள் அடக்கிப் பாவிக்கும் லயத்து வீட்டுக்கு அது சிறிய தொகை அல்ல. நுவரெலியாவின் குளிருக்கு 25 வொற் போதாமல் 50 வேண்டிவருவதும் உண்டு.

பணத்தைவிடப் பெரிய அபாயம் மின்சாரம் நின்றுபோவது. 2022 பங்குனி இறுதியில் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது என்னிடம் பன்னிரண்டு நியோன்கள் இருந்தன. 24 பாகையில் இருந்த தண்ணீர் ஒரே இரவில் 16க்கு இறங்கியது, மின்சாரம் வந்ததும் ஏறியது, மறுபடி இறங்கியது. மூன்றாம் நாள் செட்டைகளில் உப்புத் தூவியது போல வெள்ளைப்புள்ளி. ஒரு கிழமைக்குள் ஒன்பது மீன்கள் போய்விட்டன. சின்னத் தொட்டியில் தண்ணீர் குறைவு என்பதால் சூடும் குளிரும் வேகமாக ஏறி இறங்கும். அந்த ஆட்டம்தான் அவற்றைக் கொன்றது. தென்மேல் பருவமழையில் மரம் விழுந்து கம்பி அறுவது நமக்கு ஆண்டுதோறும் நடப்பது. அதனால் நுவரெலியா, நானுஓயா உயரத்தில் இருப்பவர்களுக்கு நியோனை நான் பரிந்துரைப்பதில்லை. எவ்வளவு ஆசைப்பட்டுக் கேட்டாலும் இல்லை.

அந்த இழப்புக்குப் பிறகு நான் கொண்டுவந்தது ஒயிட் கிளவுட் மவுண்டன் மின்னோ. இன்று என் தொட்டியில் பத்து இருக்கின்றன. ஹீட்டர் அலுமாரிக்குள் கிடக்கிறது.

இந்த மீனின் கதையே ஒரு மலையில் தொடங்குகிறது. சீனாவின் குவாங்சோ நகருக்கு அருகிலுள்ள வெண்முகில் மலையின் ஓடைகளில் டான் என்ற சாரணர் தலைவர் இதைக் கண்டெடுத்தார். 1932இல் அறிவியல் பெயர் சூட்டியபோது அவர் பெயரையே சேர்த்து, 'டானின் மீன்' என்று பொருள்படும் டானிக்திஸ் என்று வைத்தார்கள். 14 முதல் 22 பாகை வரை அதற்கு இதமான நீர். என் தொட்டியின் விடியற்காலையையும் மத்தியானத்தையும் மறுபடி பாருங்கள்: 14, 18. இதைவிடப் பொருத்தம் பார்க்க முடியுமா? ஓரிரவு 10க்கு இறங்கினாலும் அசைவைக் குறைத்துக்கொண்டு அடியில் தங்கும். வெயில் வந்ததும் மேலே ஏறும். மென்னீரா, கடின நீரா என்பதிலும் பிடிவாதம் இல்லை.

அழகில் இது நியோனுக்குக் குறைந்தது என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன். நியோன் விலை உயர்ந்திருந்த பழைய நாட்களில் மேல்நாட்டில் இதற்கு 'ஏழைகளின் நியோன்' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் இதற்கு அநீதி. பழுப்பு உடலில் பொன் கோடு ஓடும், வாலில் சிவப்பு. இரண்டு ஆண்மீன்கள் எதிரெதிரே நின்று செட்டைகளை விசிறி போல விரித்துக்கொள்ளும்போது பார்க்க வேண்டும். ஒன்றையொன்று காயப்படுத்தாது, வெறும் அலங்காரப் போட்டி. கீழ்நாட்டுக் கடையில் 28 பாகைத் தண்ணீரில் நிற்பதைப் பார்த்தவர்கள்தான் இதை மங்கல் மீன் என்று சொல்கிறார்கள். சூட்டில் இதன் நிறம் எடுபடாது, ஆயுளும் குறையும். குளிரில்தான் சிவப்பு ஏறும். எட்டுக்குக் குறையாமல் வாங்குங்கள். ஜாவாப் பாசி அடர்த்தியாக இருந்தால் அதற்குள் முட்டையிடும். நன்றாக உண்ட பெற்றோர் குஞ்சுகளை அதிகம் துரத்துவதில்லை. ஒரே குறை, துள்ளும். மூடி இல்லாத தொட்டிக்கு இந்த மீன் வேண்டாம்.

குளிர்ந்த நீரில் ஒட்சிசன் அதிகம், ஆகவே மலையில் காற்றுக்குழாய் தேவையில்லை என்று சிலர் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு. 16 பாகையில் குளிர் தரும் இலாபத்தை உயரம் பறித்துக்கொள்கிறது. கணக்குப் பார்த்தால் நுவரெலியாவின் 16 பாகைத் தண்ணீரும் கொழும்பின் 28 பாகைத் தண்ணீரும் தாங்கக்கூடிய ஒட்சிசன் கிட்டத்தட்ட ஒன்றே, லீற்றருக்கு எட்டு மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. குளிரில் மீனின் தேவை குறைவு என்பது உண்மை. இருந்தாலும் மேற்பரப்பு அசைய ஒரு சிறு ஸ்பொஞ்ச் வடிகட்டி இருக்கட்டும். நியோனுக்காகத் தண்ணீரைச் சூடாக்கினால் இந்தக் கணக்கு மேலும் மோசமாகும்.

ஹட்டன், பண்டாரவளை மட்டத்துக்கு, அதாவது 1,200 மீற்றர் சொச்சத்துக்கு வந்தால் போட்டிக்கு மூன்றாவது மீன் வருகிறது: கெலக்சி ரஸ்போரா. பெயர் ரஸ்போரா என்றாலும் இது டானியோ இனம். 2006இல்தான் உலகம் இதை அறிந்தது. மியன்மாரின் ஷான் மாநிலத்தில், ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரத்துச் செடி மண்டிய சிறு குளங்களில் கிடைத்தது. இரண்டு சென்ரிமீற்றர் உடல், கருநீலத்தில் முத்துப்புள்ளிகள், செட்டையில் செம்மஞ்சள் வரி. 20 முதல் 25 பாகை இதற்கு நல்லது. இரவில் சற்று இறங்கினால் சமாளிக்கும். எனவே பண்டாரவளையில் ஆண்டின் பெரும்பகுதிக்கு ஹீட்டர் ஓய்வெடுக்கலாம். மார்கழி, தை மாதங்களுக்கு மட்டும் ஒன்றைக் கைவசம் வைத்திருங்கள்.

ஆனால் இதன் தாயகம் சுண்ணாம்பு நிலம். நியோனுக்கு வரமாக இருந்த மென்னீர் இங்கே குறையாகிவிடுகிறது. கழுவிய சிப்பி ஓடு ஒரு கைப்பிடியை வடிகட்டிக்குள் போட்டால் மெல்லக் கரைந்து நீரைக் கெட்டிப்படுத்தும். ஒரே நாளில் மாற்ற நினைக்க வேண்டாம். இன்னொன்று, இது கூச்சமுள்ள மீன். செடி குறைவான தொட்டியில் வாங்கிய மறுநாளே எங்காவது ஒளிந்துகொள்ளும். காசு கொடுத்து வெறும் செடியைப் பார்ப்பது போல இருக்கும். செடி அடர்ந்தபின் கொண்டுவந்தால் இதற்கு நிகர் இல்லை. பொறுமையுள்ளவருக்கு இதைச் சொல்வேன், முதல் தொட்டி வைப்பவருக்குச் சொல்லமாட்டேன்.

பதுளையில் இருக்கும் என் தங்கை ஒயிட் கிளவுட் கேட்டாள். தர மறுத்துவிட்டேன். அவள் வீட்டில் சித்திரை வெயிலில் தொட்டி 27ஐத் தொடுகிறது. மேட்டில் வாழ்ந்த மீன் அங்கே வெந்துபோகும். அவளுக்கு வாங்கிக் கொடுத்தது செரி பார்ப். பதுளை, கண்டி, கம்பளை போன்ற தாழ்ந்த மலைப்பகுதிகளுக்கு என் முதல் தெரிவு இதுதான், சொந்தப் பாசமும் அதில் கலந்திருக்கிறது. இது இலங்கைக்கே உரிய மீன். விலங்கியலாளர் தெரணியகல 1929இல் அறிவியல் முறைப்படி விவரித்தது. களனி கங்கை தொடங்கி நில்வளா கங்கை வரையிலான ஈரவலயத்து நிழலோடைகளில் மட்டுமே இயற்கையாக வாழ்கிறது. மென்னீர் அதற்குப் பழக்கம், 22 முதல் 27 பாகை அதற்குச் சுகம். முட்டையிடும் காலத்தில் ஆண்மீன் பழுத்த ஜம்பு நிறத்துக்கு மாறும். ஐந்து சென்ரிமீற்றர் வளர்வதால் 20 லீற்றர் பத்தாது. 45 லீற்றராவது வைத்து ஆறு மீன்கள் விடுங்கள், ஆணைவிடப் பெண் அதிகமாக.

கூடவே உலகெங்கும் தொட்டிகளில் வளரும் கிரிப்டோகொரைன் வென்டி செடியை நடுங்கள். அதுவும் நம் தீவுக்கு மட்டுமே உரியது. ஒரு சிறு தொட்டிக்குள் இலங்கையின் ஓடையை வைத்துப் பார்க்கும் மகிழ்ச்சி வேறு எந்தச் சோடியிலும் இல்லை. ஆனால் ஓடையில் வலை போட்டுப் பிடிக்க வேண்டாம். காட்டில் இவற்றின் தொகை குறைந்துவருகிறது; பண்ணையில் பெருக்கியவை தாராளமாகக் கிடைக்கின்றன.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கப்பி விலை குறைவு, ஆனால் அதற்குச் சூடும் வேண்டும், கடின நீரும் வேண்டும். மேல்மலையில் இரண்டும் கிடையாது. செட்டை ஒட்டிப்போய் மெல்ல மெல்லச் சாகும். பைற்றர் எனும் சண்டை மீன் மேற்பரப்புக் காற்றைக் குடித்து வாழ்வது. குளிர்காற்று அதற்கு ஆகாது. எம்பர் டெட்ராவுக்கும் சிலி ரஸ்போராவுக்கும் நியோனைவிடச் சூடு வேண்டும். வரி டானியோ குளிரைத் தாங்கும், ஆனால் ஓயாமல் ஓடும் மீன். அறுபது சென்ரிமீற்றர் நீளத் தொட்டி இல்லாமல் அதை அடைத்து வைப்பது பாவம்.

எந்த மீனானாலும் தோட்டத்தில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஈரமான மாதங்களில் தேயிலையின் கொப்புள நோய்க்குச் செப்பு கலந்த மருந்து அடிப்பார்கள். மென்னீரில் செப்பின் நஞ்சு கூர்மையாகும். நாம் குடித்துத் தாங்கும் அளவுகூட மீனையும் இறாலையும் கொன்றுவிடலாம். பீலிக்கு மேலே உள்ள மலையில் மருந்தடித்த நாட்களில் தண்ணீர் மாற்றாதீர்கள். முன்கூட்டியே இரண்டு வாளி பிடித்து வைத்துவிடுங்கள். நகரத்துக் குழாய்நீர் என்றால் குளோரின் போக ஒருநாள் திறந்து வைக்க வேண்டும்.

ஒயிட் கிளவுடை இவ்வளவு புகழ்ந்த நான் அதன் அபாயத்தையும் சொல்லியாக வேண்டும். நமது குளிரில் பிழைக்கும் மீன் நமது ஓடையிலும் பிழைக்கும். நியோனை ஓடையில் விட்டால் அது செத்துப்போகும், இது பெருகிவிடக்கூடும். பிரிட்டிஷார் கொண்டுவந்து விட்ட டிரவுட் இன்றும் ஹோட்டன் சமவெளி ஓடைகளில் இருக்கிறது. பெருகிப்போனால் இன்னொருவருக்குக் கொடுங்கள், கடைக்குத் திருப்பிக் கொடுங்கள், கானில் மட்டும் ஊற்றாதீர்கள்.

கொண்டுவரும் விதம் பற்றியும் ஒரு சொல். அழகுமீன் பண்ணைகள் பெரும்பாலும் கீழ்நாட்டில்தான். 28 பாகையில் வளர்ந்த மீனைப் பொலித்தீன் பையில் போட்டு ஹட்டன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தால், வீடு சேர்வதற்குள் பைத்தண்ணீர் பத்துப் பாகை விழுந்துவிடும். குளிர்மீனான ஒயிட் கிளவுடுக்கும் அந்தத் திடீர் வீழ்ச்சி ஆகாது. ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்து, இடைவெளியில் பழைய பத்திரிகைத் தாளைத் திணித்துக் கொண்டுவாருங்கள். வீட்டில் பையைத் தொட்டிநீரில் மிதக்கவிட்டு, கால் மணிக்கு ஒருமுறை ஒரு கோப்பைத் தொட்டிநீரைப் பைக்குள் ஊற்றி, இரண்டு மணித்தியாலம் எடுத்துக்கொள்ளுங்கள். அன்றிரவு விளக்கு வேண்டாம், உணவும் வேண்டாம். மறுநாள் காலை வெயில் மேசைக்கு வந்தபிறகு ஒரு சிட்டிகை போடுங்கள்.