20 கிலோ செயற்கைக்கோளுக்கு எந்த ராக்கெட்? பீன்யாவிலிருந்து ஒரு கணக்கு

நாங்கள் ராக்கெட் செய்வதில்லை, செயற்கைக்கோளும் செய்வதில்லை. செயற்கைக்கோளை அதிர்வுச் சோதனை மேஜையில் பூட்டுவதற்கான அலுமினியத் தட்டு, வளையம், அது சம்பந்தப்பட்ட போல்ட் வேலை, இதுதான் பெங்களூரு பீன்யாவில் எங்கள் பட்டறையின் பிழைப்பு. ஆனால் அந்தத் தட்டில் முதல் துளை போடும் முன்பே ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தாக வேண்டும்: எந்த ராக்கெட்டில் போகிறது? ஒவ்வொரு ராக்கெட்டும் ஒவ்வொரு விதமாக உலுக்கும். செயற்கைக்கோளைப் பிடித்திருந்து விடுவிக்கும் வளையத்தின் அளவும் அதற்கேற்ப மாறும்.

கோயம்புத்தூர்ப் பையன் ஒருவர் போன மாதம் வரைபடத்தோடு வந்தார். நாலைந்து பேர் சேர்ந்து செய்யும் செயற்கைக்கோள், 20 கிலோ எடை, 500 கிலோமீட்டர் உயரத்தில் துருவப் பாதைக்கு, அதாவது வட தென் துருவங்களின் மேலாகச் சுற்றும் பாதைக்கு, போக வேண்டும். "அண்ணா, பி.எஸ்.எல்.வி.யா, ஃபால்கனா, இல்ல எஸ்.எஸ்.எல்.வி.க்குக் காத்திருக்கலாமா?" என்று கேட்டார். முதலாவதும் கடைசியும் நம் இஸ்ரோவின் ராக்கெட்டுகள், நடுவில் உள்ளது அமெரிக்காவின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்துடையது. கிலோவுக்கு எவ்வளவு என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள், அவரும் அப்படித்தான். நான் அவரிடம் வேறு இரண்டு கேள்விகளை முதலில் வைத்தேன். அந்த ராக்கெட் வருஷத்துக்கு எத்தனை தடவை கிளம்புகிறது? ஒரு தடவை தோற்றுவிட்டால் எத்தனை நாளில் மறுபடி கிளம்பும்? இன்றைய ராக்கெட் போட்டியே இந்த இரண்டு கேள்விக்குள்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் ஃபால்கன் 9. மண்ணெண்ணெய் வகை எரிபொருளும் திரவ ஆக்சிஜனும், அடியில் ஒன்பது மெர்லின் எஞ்சின்கள். 2015 டிசம்பரில் முதல் நிலை, அதாவது பூஸ்டர் எனப்படும் அடிப்பகுதி, முதன்முறையாகத் தரையிறங்கியது, 2017 மார்ச்சில் ஏற்கெனவே பறந்த ஒன்றை மறுபடி பறக்கவிட்டார்கள், இப்போது ஒரே பூஸ்டர் 30 தடவைக்கு மேல் போய் வந்திருக்கிறது. 2025-ல் மட்டும் 160-க்கு மேற்பட்ட பயணங்கள். அதே ஆண்டில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோ ஏவியது ஐந்து. சிறிய செயற்கைக்கோள்களுக்கென்று டிரான்ஸ்போர்ட்டர் என்ற பகிர்வுப் பயணம் இருக்கிறது. அதன் முதல் பயணத்தில், 2021 ஜனவரியில், 143 செயற்கைக்கோள்கள் ஏறின. நம் பி.எஸ்.எல்.வி. 2017-ல் 104 ஏற்றி வைத்த சாதனை அன்றைக்குத்தான் முறிந்தது.

விலை கிலோவுக்கு 6,000 டாலருக்கு மேல். நேரடியாகப் பதிவு செய்தால் 50 கிலோவுக்குக் குறைந்த பொருளுக்கும் 50 கிலோ காசு கட்ட வேண்டும், அதனால் 20 கிலோக்காரர்கள் இடம் பிரித்துக் கொடுக்கும் இடைத்தரகர் மூலமாகப் போவதுதான் வழக்கம். கலிஃபோர்னியா வரை பெட்டியை அனுப்பும் செலவும் சுங்கக் காகிதங்களும் தனி. இவ்வளவு இருந்தும் பெங்களூரு பிக்ஸெல் நிறுவனம் தன் ஃபயர்ஃப்ளை செயற்கைக்கோள்கள் ஆறையும் 2025-ல் ஃபால்கனில்தான் அனுப்பியது. தேதி உறுதி, அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இந்தத் தடவை தயாராகவில்லையா, சரி, அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம்.

விலையைவிட என்னை அசைத்தது வேறொன்று. 2024 ஜூலையில் ஃபால்கன் 9-ன் இரண்டாம் நிலை விண்ணில் கோளாறாகி, அதே நிறுவனத்தின் ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்கள் வீணாயின. அழுத்த உணரிக்குப் போகும் ஒரு சிறு குழாயில் விரிசல். பதினைந்தே நாளில் மறுபடி கிளம்பிவிட்டார்கள். இரண்டாம் நிலை திரும்பி வருவதில்லை, ஆகவே உடைந்த பாகத்தைக் கையில் வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்ததாகச் சொல்ல முடியாது. நூற்றுக்கணக்கான பயணங்களின் அளவீடுகள் பக்கத்தில் இருக்கும்போது, இந்த ஒன்றில் எது மாறியது என்று பார்ப்பது சுலபமாகிவிடுகிறது.

இனி நம் பி.எஸ்.எல்.வி. எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. 1993-ல் முதல் முயற்சி தோற்று, 1994-ல் எழுந்து, அதன்பின் முப்பது வருஷம் உலகம் நம்பிய ராக்கெட். 2025 மே மாதம் சி-61 என்ற பயணம் மூன்றாம் நிலையில் தவறியது. எட்டு மாதம் கழித்து, 2026 ஜனவரி 12-ல் சி-62, அதுவும் மூன்றாம் நிலையில். அன்று காலை பட்டறையில் லேத்தை நிறுத்திவிட்டு ஒரு போனைச் சுற்றி ஆறேழு பேர் நின்றோம். திரையில் கோடு போக வேண்டிய பாதையை விட்டு விலகியதும் யாரும் பேசவில்லை. பிரதான செயற்கைக்கோளோடு 15 சிறியவையும் அதில் இருந்தன. அவற்றில் ஒவ்வொன்றும் யாரோ நாலைந்து பேருடைய இரண்டு மூன்று வருஷ உழைப்பு. சி-61 ஏன் தவறியது என்ற விசாரணை அறிக்கை சி-62 கிளம்பும் வரை பொதுவில் வெளிவரவில்லை. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம், ஏனென்றால் காரணத்தைத் திறந்து சொல்லித் திருத்திக்கொள்ளும் பழக்கம் இதே இஸ்ரோவிடம் இருக்கிறது.

எஸ்.எஸ்.எல்.வி.யைப் பாருங்கள். 2022 ஆகஸ்டில் முதல் பயணம் தோல்வி. இரண்டாம் நிலை பிரிந்த அதிர்ச்சியில், வேகமாற்றத்தை அளக்கும் முடுக்கமானிகள் ஒரு கணம் அளவைத் தாண்டிவிட்டன. உணரிகள் கெட்டுவிட்டன என்று கணினி முடிவெடுத்து மாற்று முறைக்குப் போய்விட்டது. 356 கிலோமீட்டர் வட்டப் பாதைக்குப் பதில் 356-க்கு 76 என்ற நீள்வட்டம். 76 கிலோமீட்டரில் காற்று இருக்கிறது, செயற்கைக்கோள் தங்காது. இத்தனையும் இஸ்ரோவே வெளியிட்டது. பிரியும் அமைப்பை மாற்றி, 2023 பிப்ரவரியில், ஆறே மாதத்தில் வெற்றி. 2024 ஆகஸ்டில் மறுபடியும் வெற்றி.

அந்த அறிக்கையைப் படித்தபோது எங்கள் சோதனை மேஜைதான் கண் முன் வந்தது. தட்டை மேஜையில் இறக்கி, டார்க் ரெஞ்சால் போல்ட்டுகளை ஒரே அளவில் முறுக்கி, முடுக்கமானிகளைப் பசை வைத்து ஒட்டிவிட்டு, முதலில் மெல்லிய அதிர்வில் தாழ்ந்த அலைவெண்ணிலிருந்து மேலே 2,000 ஹெர்ட்ஸ் வரை ஏற்றிப் பார்ப்போம். உறுமலாக ஆரம்பிக்கும் சத்தம் போகப் போகக் கீச்சென்று காதைக் குத்தும். பிறகு ராக்கெட்டின் முழு அதிர்வு. கடைசியில் அதே மெல்லிய சோதனையைத் திரும்பச் செய்து, இரண்டு வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைப்போம். ஒரு சிகரம் கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் உள்ளே எங்கோ ஒரு திருகு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

எஸ்.எஸ்.எல்.வி. 34 மீட்டர், 120 டன், மூன்று திட எரிபொருள் நிலைகள், உச்சியில் வேகத்தைத் திருத்த ஒரு சிறு திரவ நிலை. தாழ்ந்த பாதைக்கு 500 கிலோ. சில நாட்களில் பூட்டித் தயாராக்கிவிடலாம் என்பதுதான் இதை வடிவமைத்ததன் நோக்கமே. இதன் தொழில்நுட்பத்தை 2025-ல் 511 கோடிக்கு விமானம் செய்யும் நம்ம ஊர் எச்.ஏ.எல். வாங்கியிருக்கிறது. அப்புறம் எஸ்.எஸ்.எல்.வி.க்கென்று இஸ்ரோவின் புது ஏவுதளத்துக்கான இடம், குலசேகரப்பட்டினம். எனக்கு சொந்த ஊர் உடன்குடிப் பக்கம், அதனால் பாசத்தில் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே போகும் ராக்கெட் இலங்கையைத் தவிர்க்க ஒதுங்கி வளைந்து போக வேண்டியிருக்கிறது, அந்த வளைவில் எரிபொருள் போகிறது. பெரிய ராக்கெட் தாங்கிக்கொள்ளும், சின்னதற்கு அது பெரிய இழப்பு. குலசையிலிருந்து நேரே தெற்கு, முழுக்கக் கடல். ஊரில் சித்தப்பா போன் போடும்போதெல்லாம் "எப்பப்பா விடுவாங்க?" என்கிறார். பையனுடைய கேள்வியும் அதேதான்.

தனி ராக்கெட்டே வேண்டுமென்றால் நியூசிலாந்திலிருந்து கிளம்பும் சிறு ராக்கெட் எலக்ட்ரான். 300 கிலோ தூக்கும், 2025-ல் 21 தடவை பறந்து ஒன்றுகூடத் தவறவில்லை. ஆனால் முழு ராக்கெட்டுக்கும் 70, 80 லட்சம் டாலர் ஆகும், 20 கிலோவுக்கு அது கட்டுப்படியாகாது. சென்னை அக்னிகுல் நிறுவனம் ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் எடுத்த எஞ்சினை வைத்து 2024 மே 30-ல் நடத்திய சோதனைப் பறத்தலைப் பார்த்து நான் மகிழ்ந்தேன், ஆனால் ஏற்றுவதற்கு முன் அவர்கள் சுற்றுப்பாதைக்குத் திரும்பத் திரும்பப் போய்க் காட்ட வேண்டும்.

புதிய பெரிய ராக்கெட்டுகள் 20 கிலோவுக்கு நேரடியாக உதவாது, ஆனால் எல்லோருடைய விலையையும் அவைதான் கீழே இழுக்கப்போகின்றன. ஸ்பேஸ்எக்ஸின் ஸ்டார்ஷிப் பூஸ்டரை, 33 ராப்டர் எஞ்சின்களோடு, 2024 அக்டோபர் 13-ல் கோபுரத்தின் கைகள் பிடித்தன. ப்ளூ ஆரிஜின் என்ற அமெரிக்க நிறுவனத்தின் நியூ க்ளென் இரண்டாவது பயணத்திலேயே, 2025 நவம்பரில், முதல் நிலையைக் கப்பலில் இறக்கியது. சீனாவின் ஜூச்சுவே-3 டிசம்பரில் முதல் முயற்சியில் சுற்றுப்பாதைக்குப் போனது, பூஸ்டரை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. மூன்றின் முதல் நிலையும் எரிப்பது மீத்தேன். மண்ணெண்ணெய் கரி பிடிக்கும், மீத்தேன் சுத்தமாக எரியும், எஞ்சினைச் சுரண்டிக் கழுவும் வேலை மிச்சம். நம்முடைய அடுத்த தலைமுறை ராக்கெட்டும் மீத்தேன்தான்: 2024 செப்டம்பரில் 8,240 கோடிக்கு ஒப்புதல், 30 டன் தூக்கும், முதல் நிலை திரும்பி வரும், உருவாக்க எட்டு வருஷம். எட்டு வருஷம் நீளம். அதுவரை எஸ்.எஸ்.எல்.வி.யை வருஷத்துக்கு ஐந்தாறு தடவையாவது ஓட்டினால்தான் அடிக்கடி ஏவும் பழக்கம் நம் கைக்கு வரும்.

ஒன்றை மட்டும் பி.எஸ்.எல்.வி. பக்கம் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதன் நான்காம் நிலையை விண்ணிலேயே ஆய்வு மேடையாக்கும் போயம் திட்டம். 2024 டிசம்பரில் போன சி-60-ன் மேடையில் 24 கருவிகள் இருந்தன, காராமணி விதைகூட அங்கே முளைத்தது. கேமராவையோ ஒரு சிறு எஞ்சினையோ மட்டும் சோதிக்க வேண்டுமென்றால் தனியாகச் செயற்கைக்கோளே செய்ய வேண்டாம்.

பையனிடம் முடிவாக இதைச் சொன்னேன்: "தம்பி, இந்த ஒன்றை டிரான்ஸ்போர்ட்டரில் போடுங்க. காசு கொடுத்தவங்களுக்குத் தேதி சொல்லியாகணும். அடுத்ததுக்கு எஸ்.எஸ்.எல்.வி.காரங்ககிட்ட இப்பவே பேச ஆரம்பிச்சிடுங்க." இரண்டு ராக்கெட்டின் அதிர்வு அளவுகளில் எது எங்கே அதிகமோ அதற்கே சோதித்துவிடலாம் என்றும் பேசிக்கொண்டோம். தட்டில் இப்போது இரண்டு வட்டமாகத் துளை போட்டிருக்கிறேன், உள்ளே ஒரு வளையத்துக்கு, வெளியே இன்னொன்றுக்கு.