லக்சருக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு: 120 டாலர் தாயத்தும் உடைந்த காதும்

எகிப்துக்கு டிக்கெட் போட்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். ஏமாந்த கதையைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வீட்டில் எல்லோரும் சிரித்து முடித்துவிட்டார்கள், இனி உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

லக்சரில் நைலின் மேற்குக் கரை. தேர் எல் மதீனா பார்த்துவிட்டு வெளியே வந்தோம். அரசர்களின் கல்லறைகளைக் குடைந்து வண்ணம் தீட்டிய தொழிலாளிகள் குடும்பத்தோடு வாழ்ந்த ஊர் அது. அவர்கள் வீட்டில் வைத்துக் கும்பிட்ட தெய்வங்களில் தாவெரெட் ஒருத்தி. நீர்யானை முகம், நிறைமாத வயிறு, சிங்கத்தின் கால்கள், முதுகோடு இறங்கும் முதலை வால். பார்க்க இப்படி இருந்தாலும் அவள் வேலை கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் காவல் இருப்பது. அவள் உருவத்தைத் தாயத்தாகக் கோத்துக் கட்டிக்கொள்வார்கள், இறந்தவர்களின் உடலோடும் வைப்பார்கள். ஊரில் என் தங்கைக்கு அப்போது ஏழாம் மாதம். நான் கவிழ்ந்தது அந்த இடத்தில்தான். தாவெரெட்டைப் பற்றிக் கைடிடம் சத்தமாக, அதுவும் மூன்று முறை, கேட்டுக்கொண்டே வந்திருக்கிறேன்.

வண்டி நிறுத்தும் இடத்தில் கலாபியா என்ற நீள அங்கி போட்ட ஒரு பெரியவர். "இந்தியா? அமிதாப் பச்சன்!" என்று ஆரம்பித்தார். கைடு அந்த நேரம் பார்த்து டீ குடிக்கப் போயிருந்தார். தற்செயலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பெரியவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மடித்த அரபுச் செய்தித்தாளைப் பிரித்தார். உள்ளே கட்டைவிரல் அளவில் நீலப்பச்சைத் தாவெரெட். இடுக்குகளில் மண். இடது காது உடைந்து, உடைந்த இடம் பழுப்பேறி இருந்தது. அந்தக் காதைப் பார்த்ததும்தான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

பக்கத்தில் இருக்கும் குர்னாவில் தாத்தா வீட்டுக்கு அடியில் கிடைத்ததாம். இதில் சாமர்த்தியம் என்னவென்றால், கதையில் பாதி உண்மை. குர்னா மலைச்சரிவில் பழைய கல்லறைகளின் மேலேயே மக்கள் வீடு கட்டி வாழ்ந்தார்கள். 2006 முதல் அரசு அவர்களை வேறு இடத்துக்கு மாற்றி, வீடுகளில் பெரும்பாலானவற்றை இடித்தது. அதையெல்லாம் காலையில்தான் கேட்டிருந்தேன். அதனால் மீதிப் பாதியையும் சேர்த்து விழுங்கினேன். 300 டாலரில் தொடங்கி 120இல் முடிந்தது. கழுகு முத்திரை குத்திய ஒரு 'சான்றிதழும்' தந்தார். நான் ஏதோ பேரம் பேசி ஜெயித்த பெருமையில் வண்டி ஏறினேன்.

கெய்ரோவுக்கு வந்து தஹ்ரீர் சதுக்கத்து அருங்காட்சியகத்தில் அசல் தாயத்துகளைப் பார்த்ததும் வயிற்றில் ஏதோ பிசைந்தது. அவை ஃபயான்ஸ் என்ற பொருளில் செய்தவை. அது களிமண் அல்ல. அரைத்த குவார்ட்ஸ் மாவோடு கொஞ்சம் சுண்ணாம்பும் சோடா உப்பு மாதிரிக் காரமும் செம்பும் சேர்த்துப் பிசைந்து அச்சில் அழுத்துவார்கள். காயும்போது உப்பு மேலே பூத்து, சுட்டதும் அதுவே கண்ணாடிப் பூச்சாக உருகிப் பிடித்துக்கொள்ளும். பூச்சு போன இடத்தில், உடைந்த முனையில், சர்க்கரை போல நறநறவென்று வெளிறிய உட்பகுதி தெரியும். என்னுடையதில் உடைந்த இடமும் மொழுமொழுவென்றுதான் இருந்தது. கையில் எடுத்தால் கல்லின் குளிர்ச்சியும் இல்லை.

மறுநாள் கெய்ரோவின் பழைய கடைவீதியான கான் எல் கலீலியில் ஒரு சந்து. ஒரு கடை வாசலில் பிளாஸ்டிக் தட்டு, அதில் இருபது இருபத்தைந்து தாவெரெட்டுகள். ஒவ்வொன்றிலும் இடது காது உடைந்திருந்தது. அதே இடத்தில், அதே பிறை வடிவில். ஒன்று 50 எகிப்திய பவுண்டு.

பையிலிருந்து என்னுடையதை எடுத்துத் தட்டில் வைத்தேன். கலந்துவிட்டால் எது என்னுடையது என்று எனக்கே தெரியாது. கடைக்காரப் பையன் சிரித்தான். "காது முழுசா இருக்கிற மாதிரி ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டேன். "முழுசு விற்காது மேடம்" என்றான்.

பழங்காலத்திலும் அச்சில்தானே செய்தார்கள், ஒரே மாதிரி இருக்காதா என்று என் கணவர் ஆறுதலுக்குக் கேட்டார். நல்ல கேள்விதான். பழைய எகிப்திய நகரமான அமர்னாவில் 1891-92இல் பெட்ரி என்ற தொல்லியலாளர் தோண்டியபோது இப்படிப்பட்ட அச்சுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. ஒரே அச்சில் வந்தவை ஒரே மாதிரி இருக்கலாம், சரி. ஆனால் ஒரே மாதிரி உடையுமா? அன்றிரவு ஹோட்டலில் ஊக்கைத் தீயில் காட்டிக் காதில் குத்தினோம். எரிந்த பிளாஸ்டிக் நாற்றம். ரெசின்.

சரி, போலீசில் சொல்லலாமே என்பீர்கள். சுற்றுலாப் போலீஸ் அங்கே எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். ஆனால் போய் என்ன சொல்வது? எகிப்தில் 1983ஆம் ஆண்டின் 117ஆம் எண் சட்டம் வந்தபிறகு தொல்பொருள் வியாபாரமே கிடையாது. மண்ணில் கிடைப்பது அரசின் சொத்து. ஒரு காலத்தில் லைசென்ஸ் வாங்கிய கடைகள் இருந்தன, கெய்ரோ அருங்காட்சியகத்திலேயே விற்பனை அறை இருந்தது. அந்தப் பழைய கதைகளைக் கேட்டுத்தான் நம்மவர்களும் இன்னும் கிடைக்கும் என்று நம்புகிறார்கள். இன்று ஒருவர் 'அசல்' என்று நீட்டினால், ஒன்று அது போலி, இல்லையென்றால் திருட்டு. "அசல் என்று நினைத்து வாங்கினேன் சார்" என்று நான் புகார் கொடுத்தால், தொல்பொருள் கடத்தப் பார்த்தேன் என்று நானே எழுதிக் கொடுப்பதுபோல் ஆகிவிடும். அந்தப் பெரியவருக்கு இது நன்றாகத் தெரியும். செய்தித்தாளில் மறைத்ததும், இரண்டு பக்கம் பார்த்ததும், என்னையும் தன் கூட்டாளி ஆக்கத்தான்.

அந்தச் சான்றிதழும் செல்லாக் காசு. வாங்கிக்கொள்ளலாம், கொண்டுபோகலாம் என்று தனி ஆள் யாரும் எழுதித்தர முடியாது. இன்னொன்று, விமான நிலையத்தில் தொல்பொருள் துறை ஆட்கள் இருப்பார்கள். போலிதான் என்றாலும் மண் பூசிச் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். நான் மண்ணைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஊசி ஓட்டை தெரிகிற மாதிரி கைப்பையில் மேலாக வைத்துக்கொண்டேன். அப்படியும் ஸ்கேனரைத் தாண்டும் வரை உயிர் என்னிடம் இல்லை.

தாவெரெட் வேண்டும் என்றால் மாதிரி என்று சொல்லி விற்கிற இடத்திலேயே வாங்குங்கள். 2021இல் கெய்ரோவுக்குப் பக்கத்தில் ஒபூர் நகரில் தொல்பொருள் துறையே மாதிரிகள் செய்யும் தொழிற்சாலை திறந்திருக்கிறது. அதில் வருகிறவற்றுக்குத் துறையின் முத்திரை உண்டு.

தங்கைக்கு அந்தத் தட்டிலிருந்தே இன்னொன்று வாங்கி, விலையையும் சொல்லிக் கொடுத்தேன். "காது ஏன்க்கா உடைஞ்சிருக்கு?" என்றாள். 120 டாலர் தாவெரெட் என் சமையலறை ஜன்னலில் நிற்கிறாள், காதில் ஊசி ஓட்டையோடு.