குன்னூர் அலைன்மென்ட் ஷெட்: எஃப்.சி.க்கு (வண்டித் தகுதிச் சான்று) முன்னால் ஒரு எட்டு போய்விட்டு வரலாம்

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் ரோட்டோரம் இருக்கிற சின்ன வீல் அலைன்மென்ட் ஷெட், அதாவது சக்கரங்கள் நிற்கிற கோணத்தைச் சரிசெய்கிற கடை இது. ஒரு பிட், ஒரு கேமரா மெஷின், சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருக்கிறதா என்று பார்க்கிற ஒரு பேலன்சிங் மெஷின், அவ்வளவுதான். கேரட் ஏற்றுகிற பிக்கப்பும் டாக்சியும்தான் அதிகம் நிற்கும். இந்த இடத்தை தாராளமாகச் சிபாரிசு செய்யலாம். மெஷினுக்காகச் சொல்லவில்லை. மெஷினில் ஏற்றுவதற்கு முன்னால் அரை மணி நேரம் வண்டியைப் பார்க்கிறார்களே, அதற்காக.

முதலில் காற்று. மலை ஏறி வந்த சூட்டோடு கேஜ் வைத்தால் 32 இருக்க வேண்டிய டயர் 36 காட்டும். பல இடங்களில் அதைப் பார்த்ததும் காற்றை இறக்கிவிடுவார்கள். மறுநாள் காலைக் குளிரில் அது 28-க்குப் போய் நிற்கும். அப்படியே ஓட்டினால் இரண்டு ஓரமும் தேயும், நடு பட்டன் (தரையில் படுகிற ரப்பர் கட்டை) மட்டும் நிற்கும். இங்கே டயர் ஆறும்வரை வண்டியை நிறுத்திவைத்து, அதன் பிறகுதான் கேஜ் வைக்கிறார்கள்.

அடுத்து ஜாக்கி. வீலை இடமும் வலமும் பிடித்து ஆட்டுகிறார்கள். ஆட்டம் இருந்தால் பெரும்பாலும் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கிற டை ராட் எண்ட் போயிருக்கும். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பால் ஜாயின்ட், வீல் பேரிங் தெரிந்துவிடும். லோயர் ஆர்ம் புஷ்ஷில் லிவர் கொடுத்து வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இதில் ஏதாவது ஆடினால், "மாத்திட்டு வாங்க சார், இப்ப அலைன்மென்ட் பண்ணினா காசுதான் வேஸ்ட்" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். சரியான பேச்சு. ஆட்டமுள்ள வண்டியில் வைத்த டோ அளவு (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிற அளவு) முதல் பள்ளத்திலேயே மாறிப்போகும், அதுவும் எஸ்டேட் ரோட்டில் கேட்கவே வேண்டாம்.

பிறகு டயரைக் கையால் படிக்கிறார்கள். பட்டன்மேல் உள்ளங்கையைக் குறுக்காகத் தடவுகிறார்கள். ஒரு திசையில் வழவழப்பாகப் போய், திரும்பி வரும்போது அரம்போலக் குத்தினால் டோ தப்பு. உள்ளிருந்து வெளியே இழுக்கும்போது குத்தினால் டோ-இன், அதாவது உள்பக்கத் திருப்பம், அதிகம். குத்தாமல் ஒரே ஓரம் சரிவாகத் தேய்ந்திருந்தால் கேம்பர், அதாவது சக்கரம் நிமிராமல் சாய்ந்து நிற்பது. அங்கங்கே குழிகுழியாக இருந்தால் ஷாக் அப்சார்பர் அல்லது பேலன்சிங். முன் டயர் இரண்டிலும் வெளி ஓரம் மட்டும் ஒரே அளவு தேய்ந்திருந்தால் உடனே அலைன்மென்டைக் குறை சொல்ல மாட்டார்கள். 14 கொண்டை ஊசி வளைவையும் தினமும் வேகமாக ஒடித்து இறங்குகிற வண்டிக்கு, அளவு சரியாக இருந்தாலும் அந்த ஓரம் முதலில் போகும். அதற்கு மருந்து 8,000 முதல் 10,000 கி.மீ.க்குள் டயரை மாற்றிப் போடுவது: முன் சக்கரம் இழுக்கும் வண்டியில் முன் டயர் நேராகப் பின்னே, பின் டயர் குறுக்காக முன்னே.

பேலன்சிங்குக்கு முன் ரிம்மின் உள்பக்கத்து மண்ணைச் சுரண்டிக் கழுவுகிறார்கள். மழைக்காலத்தில் காய்ந்து ஒட்டிய செம்மண்ணோடு பேலன்ஸ் பார்த்தால், மண் உதிர்ந்ததும் ஸ்டியரிங் மறுபடி உதறும். இதைச் செய்கிற கடையைப் பார்ப்பது அபூர்வம்.

குறையும் உண்டு. மெஷின் தருகிற பிரின்ட்டில் சரியான அளவு பச்சையாகவும் தப்பானது சிவப்பாகவும் வரும். கேம்பர் சிவப்பாக இருந்தாலும் "டோ பச்சையாயிடுச்சு, போதும்" என்று கொடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலான சின்னக் கார்களில் கேம்பரைத் திருகிச் சரிசெய்ய வழி இல்லை என்பது உண்மைதான். ஆனால் கேம்பர் ஏன் மாறியது, ஸ்ட்ரட் வளைந்ததா, பள்ளத்தில் அடி வாங்கியதா என்று சொல்ல வேண்டும். கேட்டால்தான் சொல்கிறார்கள், ஆகவே கேளுங்கள். வேலைக்கு முன், பின் இரண்டு பிரின்ட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

எஃப்.சி.க்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. அலைன்மென்ட் இனி தேய்வதைத் தடுக்கும். தேய்ந்த ரப்பரைத் திருப்பித் தராது. காருக்குப் பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. டயரின் பக்கவாட்டில் சின்ன முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. எழுத்தோ இருக்கும்; அதற்கு நேராகக் காடிக்குள் ஒரு மேடு தெரியும். பட்டன் அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயர் முடிந்தது. வெளியே 5 மி.மீ. இருந்து உள் ஓரம் மொட்டையாக இருந்தாலும் பிரேக் இன்ஸ்பெக்டர் (எஃப்.சி.க்கு வண்டியைச் சோதிக்கிற ஆர்.டி.ஓ. ஆபீஸ் அதிகாரி) வண்டியைத் திருப்பி அனுப்பலாம். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்தால் முன் டயரின் முழு அகலமும் கண்ணுக்குத் தெரியும். பின் டயருக்கு டார்ச்சோடு குனிந்துதான் பார்க்க வேண்டும். மொட்டை டயரைப் பின்னால் தள்ளி மறைக்கிற வேலை வேண்டாம். மழையில் இறக்கத்தில் பிரேக் பிடித்தால் பின்பக்கம்தான் முதலில் வழுக்கும்.

டாக்சி, பிக்கப்புக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி., அதற்குப் பிறகு வருடாவருடம். தேதிக்கு மூன்று வாரம் முன்னால் இங்கே வந்தால், ஆடுகிற பார்ட்டை மாற்றி, டயரை ஜோடியாக வாங்கிப் போட்டு, மறுபடி அலைன்மென்ட் பார்க்க நேரம் கிடைக்கும். மே மாத சீசனில் மட்டும் கடை திறக்கும்போதே போய் நின்றுவிடுங்கள். மதியத்துக்குமேல் அந்த ரோட்டில் வண்டியைத் திருப்பவே இடம் இருக்காது.