ஐந்து மாரி கடித்த கணினி

சென்ற வாரம் வயறிங் வேலை செய்யும் தம்பி ஒருவர் வந்து, எங்கள் வீட்டின் பின்புறத்தில் கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் புதிய எர்த் தண்டு ஒன்றை இறக்கிவிட்டுப் போனார். அன்று மாலையே முள்ளியவளையில் இருக்கும் சித்தப்பாவின் மகன் தொலைபேசியில் அழைத்து, "அண்ணை, நீங்கள் வவுனியாவில எடுத்த கொம்பியூட்டர் பெட்டி இன்னும் ஓடுதோ? மகளின்ர படிப்புக்கு அதே மாதிரி ஒண்டு எடுப்பமெண்டு பாக்கிறன்" என்று கேட்டான். ஓடுகிறது என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். மிச்சத்தை எழுத்தில் தருவதே நல்லது.

2021 ஜூலையில், பாடசாலைகள் பூட்டிக் கிடந்து பிள்ளைகள் கைத்தொலைபேசியின் சிறிய திரையில் சூம் வகுப்புப் பார்த்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த நாட்களில், திரையும் சேர்த்து 58,000 ரூபாவுக்கு அதை வாங்கினேன். அலுவலகம் ஒன்றில் பாவித்துக் கழித்தது. ஆறாந் தலைமுறை இன்டெல் ஐ5 புரொசெசர், எட்டு ஜிபி நினைவகம், எஸ்எஸ்டி சேமிப்பகம். வேகத்தில் இன்றுவரை ஒரு குறையும் இல்லை. கடைக்காரர் போட்டுத் தந்த விண்டோஸில், பாதுகாப்பு மென்பொருள் எட்டிப் பார்க்கக் கூடாத கோப்புறைகள் என்று இரண்டு ஒதுக்கப்பட்டிருந்தன. உரிமமில்லாமல் விண்டோஸை இயங்கவைக்கும் செயலி ஒன்று அங்கே குடியிருந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மைக்ரோசொஃப்டின் தளத்திலிருந்து இறக்கிய பிரதியைப் பதிந்தபோது, அது உரிம எண் எதையும் கேட்காமல் தானே இயங்கத் தொடங்கியது. இவ்வகை அலுவலகக் கணினிகளின் தாய்ப்பலகையிலேயே அந்த எண் பதிக்கப்பட்டு வருவது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. திறந்து கிடந்த கதவுக்குக் கடைக்காரர் கள்ளத் திறப்புச் செய்து வைத்திருக்கிறார்.

பிள்ளைகளுக்கு நிர்வாக அதிகாரம் இல்லாத தனிக்கணக்கு, எனக்கு வேறொன்று. இந்த ஒரு ஏற்பாடு நான்கு வருடமும் வீட்டைக் காத்தது எனலாம். பாடசாலை ஒப்படை அச்சடிக்கச் சந்திக் கடைக்குப் போய்த் திரும்பும் பென் டிரைவில் வைரஸ் தொற்றி, கோப்புறைகள் எல்லாம் குறுக்குவழிகளாக மாறியிருப்பதை இரண்டு தடவை கண்டோம். கோப்புகள் அழிவதில்லை, மறைக்கப்படுகின்றன. கட்டளைத் திரையில் 'அட்ரிப்' கட்டளையால் மறைப்பை நீக்கினால் திரும்பி வந்துவிடும். அந்தக் குறுக்குவழியைச் சொடுக்காமல் இருப்பதுதான் முக்கியம், அதை மகனுக்குப் பழக்க ஒரு தவணை எடுத்தது.

தூசியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வைகாசி தொடக்கம் ஆவணி முடியச் சோளகம் அடிக்கும்போது, எங்கள் ஒழுங்கையின் செம்மண் யன்னலைச் சாத்தினாலும் உள்ளே வரும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூடியைக் கழற்றி, விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு ஊதிவிடுவேன். ஒருமுறை பின்புறத்துத் துளை ஒன்றில் குளவி மண்கூடு கட்டியிருந்தது.

இவ்வளவு நல்ல பெட்டி என்னைக் கடித்தது. 2021 நவம்பரில் மழை பிடித்ததும் தொடங்கிய கதை இது. வெறுங்காலுடன் நின்று பெட்டியின் பின்பக்க உலோகத்தில் கை பட்டால் சுர்ரென்று ஒரு கூச்சம், புறங்கையால் மெல்லத் தடவினால் தகரம் நடுங்குவதைப் போன்ற உணர்வு. "கொம்பியூட்டர் கடிக்குது" என்று மகள் பெயர் வைத்தாள். தை பிறந்து நிலம் காய்ந்ததும் நின்றுவிட்டது. அடுத்த மாரியில் மீண்டும் வந்தது.

திருத்துபவரிடம் இரண்டு தடவை கொண்டுபோனேன். அவருடைய மேசையில் அது பூனைக்குட்டி மாதிரிக் கிடந்தது. முதல் தடவை ஒன்றும் இல்லை என்றார். இரண்டாம் தடவை, என் முகத்தைப் பார்த்து இரங்கியோ என்னவோ, மின்வழங்கியை மாற்றி 6,500 ரூபா வாங்கினார். வீட்டுக்குக் கொண்டுவந்து இணைத்து, செருப்பைக் கழற்றிவிட்டுத் தொட்டேன். புதிய மின்வழங்கியும் அதே மாதிரிக் கடித்தது. அன்று நான் சொன்ன சொற்களைக் கேட்டு மனைவி பிள்ளைகளை வெளியே அனுப்பினார்.

காரணம் பெட்டிக்குள் இருக்கவில்லை. கணினியின் மின்வழங்கிக்குள், மின்னிரைச்சலை வடிகட்டுவதற்காக உயிர்க்கம்பியிலிருந்தும் (லைவ்) நொதுமற்கம்பியிலிருந்தும் (நியூட்ரல்) உலோகக் கூட்டுக்கு இரண்டு சிறிய கொள்ளளவிகள் இணைக்கப்பட்டிருக்கும். அவற்றினூடாகக் கசியும் மிகச் சிறிய ஓட்டம் புவிக்கம்பி, அதாவது எர்த், வழியாக மண்ணுக்குப் போக வேண்டும். புவிக்கம்பி இல்லாவிட்டால் கூடு 230 வோல்ற்றின் பாதியளவில், அதாவது 115 வோல்ற்றுக்கு அண்மையில், மிதந்துகொண்டிருக்கும். ஓட்டம் ஒரு மில்லியம்பியருக்கும் குறைவு என்பதால் ஆளைக் கொல்லாது, ஆனால் டெஸ்டரை வைத்தால் உள்ளே செந்நிறத்தில் மங்கலாக எரியும். ஈரச் சீமெந்து நிலத்தில் வெறுங்காலுடன் நிற்பவன் அந்த ஓட்டத்துக்குப் பாதையாகிறான், கோடையில் காய்ந்த நிலமும் செருப்பும் அவனைக் காப்பாற்றிவிடுகின்றன. திருத்துபவரின் கடையில் எர்த் ஒழுங்காக இருந்திருக்கிறது. அங்கே அது கடிக்காததன் மர்மம் அவ்வளவுதான். இதே கூச்சம் உண்மையான மின்கசிவாலும் வரலாம் என்பதால், இதைப் படித்துவிட்டு எவரும் சிரித்துக்கொண்டு இருந்துவிட வேண்டாம்.

எங்களுடையது வீட்டுத்திட்ட வீடு. விறாந்தையை ஒட்டிய அறையில் ஒரே ஒரு பிளக் பொயின்ற், அதுவும் கதவுக்குப் பின்னால். ஆகவே எக்ஸ்டென்ஷன் கோட் ஒன்று, அதில் மின்சாரம் போனால் சிறிது நேரம் தாங்கும் யூபிஎஸ், யூபிஎஸ்ஸில் கணினியும் திரையும். இந்த மாரியில், 2025 நவம்பரில் ஒருநாள், பொறுமையிழந்து அந்தக் கோட்டின் பெட்டியைத் திருகாணி கழற்றித் திறந்தேன். ஐந்து வாங்கிகள், ஒவ்வொன்றிலும் மூன்று துளைகள், மூன்றாவது துளைகளை எல்லாம் இணைக்கும் பித்தளைத் தகடு ஒன்று பளபளவென்று கிடந்தது. அந்தத் தகட்டிலிருந்து எந்தக் கம்பியும் புறப்படவில்லை. வயருக்குள் கபிலமும் நீலமும் மட்டும்தான். பச்சை மஞ்சள் கம்பி போடவே இல்லை. மூன்று முள்ளுள்ள பிளக், மூன்று துளையுள்ள வாங்கி, நடுவில் இரண்டு கம்பி! செப்புக் கம்பி ஒன்றை மிச்சம் பிடித்த அந்தப் புண்ணியவான் யாரென்று பெட்டியில் எழுதியிருக்கவில்லை.

மூன்று கம்பியுள்ள கோட் வாங்கி மாற்றினேன். அதன் பிறகும் கடித்தது.

இந்த இடத்தில்தான் வயறிங் தம்பியை அழைத்தேன். வந்தவர் கணினியைப் பார்க்கவே இல்லை, நேரே வீட்டின் பின்புறம் போனார். எங்கள் வீடுகளுக்கு எர்த் மின்கம்பத்திலிருந்து வருவதில்லை, அவரவர் வளவில் இறக்கிய தண்டுதான் எர்த். எங்களுடைய தண்டில், அது என்ன தண்டு என்ற எண்ணமே இல்லாமல், இரண்டு வருடமாக ஆட்டைக் கட்டியிருக்கிறோம். ஆடு இழுத்த இழுப்பில் கவ்வி கழன்று, கம்பி துருப்பிடித்துத் தனியே மண்ணில் கிடந்தது. "அண்ணை, வீடு முழுக்க எர்த் இல்லாமல் இருந்திருக்கிறியள்" என்றார். மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை மாதாமாதம் அழுத்திப் பார்க்கிறேன், அது விழுகிறதே என்று நான் வாதாடினேன். அந்தப் பொத்தான் சுவிட்சுக்குள்ளேயே ஒரு தடையினூடாக ஓட்டத்தை விட்டுப் பார்க்கிறதே தவிர, தண்டு இருக்கிறதா என்று கேட்பதில்லையாம். 30 மில்லியம்பியரில் விழும் சுவிட்சுக்கு ஒரு மில்லியம்பியருக்கும் குறைந்த கசிவு தெரியவும் நியாயமில்லை.

மின்னல் விடயமும் அப்போதுதான் விளங்கியது. மேலதிக மின்னழுத்தத்தைத் தடுக்கும் என்று அட்டையில் எழுதிய சாதனங்களை நம்பியிருந்தேன். தரைக்குப் போகும் பாதையே இல்லாதபோது அவை தங்கள் வேலையில் பாதியையாவது எப்படிச் செய்யும்? 2023 சித்திரை இடியில் ரவுட்டரும் கணினியின் வலையமைப்புத் துளையும் ஒன்றாகப் போயின. அதன்பின் முழக்கம் கேட்டதும் மின் பிளக்கை மட்டுமல்ல, ரவுட்டருக்கு வரும் வயரையும் சேர்த்துக் கழற்றுகிறோம்.

யூபிஎஸ்ஸைப் பற்றி நான் எழுதினால் நியாயம் தவறும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது, அதன் 12 வோல்ற் 7 அம்பியர் மணி மின்கலம் ஒருபோதும் முழுதாக நிரம்பாமலே செத்தது. குற்றம் காலத்தினுடையது. ஆனாலும் நள்ளிரவில் அது போடும் கீச்சுச் சத்தத்தை நான் மன்னிக்கவில்லை.

கணக்குப் பார்த்தால் பெட்டியின் மேல் ஒரு பிழையும் இல்லை. கடித்தது வீடு, பழி சுமந்தது பெட்டி. மாற்றத் தேவையில்லாத ஒரு மின்வழங்கிக்கு 6,500 ரூபா போனதற்கும் என் அவசரமே காரணம். விண்டோஸ் 10 இற்கான வழமையான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றன. மைக்ரோசொஃப்ட் தரும் மேலதிகக் காலத்துக்குப் பதிந்திருப்பதால் 2026 ஒக்டோபர் 13 வரை எனக்குக் கவலையில்லை. விண்டோஸ் 11 எட்டாந் தலைமுறைக்குக் குறைந்த இன்டெல் புரொசெசர்களை, ஒருசிலவற்றைத் தவிர, ஏற்பதில்லை என்பதால், அதற்குப் பிறகு லினக்ஸ் போடலாம் என்றிருக்கிறேன். பெட்டியின் உடம்பு இன்னும் ஐந்து வருடம் தாங்கும்.

நேற்றுச் சித்தப்பாவின் மகனை நானே அழைத்து, எடுக்க வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டான். கடிக்கும் என்றேன். எர்த் போட்ட பிறகு கடிக்காதுதானே என்றான். அப்படியென்றாலும் வேண்டாம், எட்டாந் தலைமுறைக்கு மேல் பார், அதற்கு முதல் உன் வீட்டுத் தண்டில் என்ன கட்டியிருக்கிறது என்று போய்ப் பார் என்றேன். "அப்ப உங்கட பெட்டிய எனக்குத் தாங்கோவன், முப்பது தாறன்" என்றான்.

கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.