பழைய டேனரி வளாகத்தில் ஒரு பூங்கா

ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் இடையே, தோல் பதனிடும் தொழிற்சாலை மூடப்பட்டு முட்புதர் மண்டிக் கிடந்த வளாகம் ஒன்று இப்போது இயற்கைப் பூங்காவாகியிருக்கிறது. முப்பது ஆண்டுகள் டேனரியில் உழைத்த என் அப்பாவைச் சக்கர நாற்காலியில் அங்கே அழைத்துச் சென்றேன்.

வாயிலில் படிக்கட்டே இல்லை. 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்ற கணக்கில் சாய்தளம் அமைத்திருப்பதால், நாற்காலியைத் தள்ள மூச்சு வாங்கவில்லை. தோல்களை ஊறவைத்த சுண்ணாம்புத் தொட்டிகளுள் ஒன்றை இடிக்காமல் அல்லிக்குளமாக்கியிருக்கிறார்கள். அதன் விளிம்பு, அமர்ந்திருப்பவரின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது. வெண்மை படிந்த அந்தச் சுவரை அப்பா வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். குரோமியம் கலந்த குரோம் உப்பால் பதனிடும் முறை பரவுவதற்கு முன் ஆவாரம் பட்டையில் தோல் பதனிட்ட காலத்தை நினைவூட்டுவதுபோல், பாதையோரமெங்கும் ஆவாரை பூத்திருந்தது.

கழிப்பறைக் கதவு மட்டும் நாற்காலி நுழையாத அளவுக்குக் குறுகல்; 90 சென்டிமீட்டராவது வேண்டும். அதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. டேனரிக் கழிவால் பாலாறு கெட்டதைக் குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தகைய வரலாறுள்ள மண்ணில் குழந்தைகள் விளையாடும்போது, மண்ணிலும் நிலத்தடி நீரிலும் குரோமியம் எவ்வளவு என்பதை வாயிலிலேயே எழுதி வைப்பதுதான் முறை. அப்படியொரு பலகை எங்கும் இல்லை.

மரங்கள் இன்னும் இளசு. காலை ஒன்பது மணிக்குள் சென்றுவிடுங்கள், குடிநீரையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.