ஆமைக்குப் பசி மருந்து என்று விற்பதை வாங்கிவிடாதீர்கள்

வளர்ப்பு ஆமை புதிய தீனியைத் தொட மறுத்தால், "இரண்டு சொட்டுத் தெளியுங்கள், எதைப் போட்டாலும் தின்னும்" என்று சொல்லி ஒரு புட்டியை விற்கிறார்கள். எங்கள் தலையிலும் அப்படித்தான் கட்டினார்கள். விற்றவர் பெயரை எழுதப்போவதில்லை. இதே சரக்கு வேறு வேறு பெயர்களில் வருவதால், அவர்கள் ஏமாற்றும் விதம் தெரிந்தால் போதும்.

எங்களுடையது சல்கேட்டா என்ற தரை ஆமை இனத்தின் குஞ்சு. புல்லும் உலர்புல்லும் தின்று வளர வேண்டிய இனம் அது. ஆனால் விற்பனையாளர் அதை லெட்யூஸ் இலைக்கே பழக்கிக் கொடுத்திருந்தார். லெட்யூஸில் பெரும்பகுதி தண்ணீர்தான். நார்ச்சத்து மிகக் குறைவு. உலர்புல்லுக்கு மாற்றுவது எப்படி என்று அவரிடமே கேட்டோம். கூண்டைச் சூடாக்கும் விளக்கின் கீழ் எத்தனை டிகிரி இருக்கிறது, எடை ஏறுகிறதா, மலம் ஒழுங்காகப் போகிறதா என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? நேராகப் புட்டியை எடுத்து நீட்டினார்.

மூடியைத் திறந்ததும் பழப்பாகு வாசனை அடித்தது. விரலில் பட்டால் பிசுபிசுத்தது. குஞ்சு கழுத்தை நீட்டி முகர்ந்து, சொட்டு விழுந்த புல்நுனிகளை மட்டும் கடித்துவிட்டு, மிச்சத்தை மிதித்துக்கொண்டு போய்விட்டது. விரைவிலேயே கழிச்சல் தொடங்கியது. அதன் பிறகு சொட்டு விடாத லெட்யூஸையும் அது சீண்டவில்லை. முறையிட்டபோது, "பட்டினி போடுங்கள், தானாக வழிக்கு வரும்" என்றார். வளரும் குஞ்சைப் பட்டினி போடச் சொல்ல எப்படித்தான் மனம் வந்ததோ!

ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உட்பொருள் விவரம் இல்லை, தயாரித்த தேதியும் இல்லை. "வைட்டமின் செறிந்தது" என்ற பெரிய எழுத்து மட்டும்தான். புல் தின்னும் ஆமையின் குடலில் நாரைச் செரிக்க வைப்பவை நுண்ணுயிர்கள். சர்க்கரை சேர்ந்தால் அவற்றின் சமநிலை கெட்டுவிடும் என்றார். வைட்டமின் ஏ அளவு மீறினால் ஆமையின் தோல் உரிந்து புண்ணாகும் என்பதால், எவ்வளவு இருக்கிறது என்று தெரியாத எதையும் கொடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

பிறகுதான் உண்மையான காரணம் வெளிப்பட்டது. அதே விற்பனையாளர் "இதுவே போதும்" என்று கொடுத்த விளக்கின் கீழ் வெப்பம் 27 டிகிரிதான். ஆமை சூடு காயும் அந்த இடத்தில் 35 டிகிரி அளவுக்காவது இருக்க வேண்டும். உடல் சூடேறாத ஆமைக்குப் பசியும் எடுக்காது, தின்றதும் செரிக்காது.

விளக்கை மாற்றினோம். காலையில் வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் விட்டோம். உலர்புல்லைக் கத்தரியால் பொடியாக நறுக்கி, நனைத்து, லெட்யூஸோடு ஒரு சிட்டிகை பிசிறினோம். ஈர இலையோடு ஒட்டிக்கொண்டதால் அதைப் பிரித்து ஒதுக்க முடியவில்லை. மேலே ஒரு செம்பருத்தி இதழ். சிவப்பைக் கண்டால் ஆமை தேடி வரும். வாரக்கணக்கில் புல்லைக் கூட்டி இலையைக் குறைத்தோம். இப்போது வெறும் புல்லையே தின்கிறது.

திறந்த புட்டிக்குப் பணம் திரும்பாது என்று விற்றவர் கைவிரித்துவிட்டார். ஏற்கெனவே வாங்கியவர்கள் உடனே நிறுத்துங்கள். புட்டியைத் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். எடை குறைந்தாலோ, கண் திறக்காமல் கிடந்தாலோ, மூக்கில் குமிழி வந்தாலோ தீனியை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே கொண்டுபோய்விடுங்கள்.