எழுத்து அருமை, வரிதான் ஓட்டை: என் இ-ரீடர் அனுபவம்

என் இ-ரீடருக்கு வந்த புது அப்டேட்டில் எழுத்தின் தடிமனைக் கூட்டிக் குறைக்கும் வசதி வந்திருக்கிறது. தமிழில் படிப்பவர்களுக்கு இந்தக் கருவி இதுவரை செய்த உதவிகளில் இதுதான் பெரியது. ஆனால் வாங்கிய நாளிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருக்கும் இன்னொரு வசதி, தமிழ் நூலில் வலப்பக்க ஓரத்தை நேராக்காமல் விடுவது, இந்த முறையும் வரவில்லை. அந்த ஆற்றாமையில்தான் எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இ-ரீடர்களில் இருக்கும் இ-இங்க் எனும் மின்தாள் திரையில் கறுப்பு, வெள்ளை உட்படப் பொதுவாக 16 சாம்பல் படிகள்தான் உண்டு. 300 பிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளிகள் உள்ள திரையில் ஒரு புள்ளியின் அகலம் சுமார் 0.085 மி.மீ. எழுத்தின் கோடு ஒரு புள்ளியை முழுதாக நிரப்பாத இடத்தில் திரை சாம்பலைப் பூசி ஒப்பேற்றும். ஒல்லியான ஃபாண்டில் தமிழ் வெளிறித் தெரிவது இதனால்தான். பலர் உடனே வெளிச்சத்தைக் கூட்டுவார்கள். முன்விளக்கைக் கூட்டினால் தாள் வெளுக்குமே தவிர, கோடு கறுக்காது. தடிமனைத்தான் தொட வேண்டும். நோட்டோ செரிஃப் தமிழ் ஃபாண்டை ஏற்றி, தடிமனை ஒரு படி கூட்டினேன். 'ஞ'வின் உள்சுழி, 'ழ'வின் வால் எல்லாம் பளிச்சென்று வந்துவிட்டன. இன்னொரு படி கூட்டினால் 'ண'வின் சுழிகள் அடைத்துக்கொள்கின்றன. அதனால் ஒரு படியே போதும். எழுத்து கறுத்ததும் அளவைக் கொஞ்சம் குறைக்க முடிந்தது. வரிக்கு ஒரு சொல்லாவது கூடுதலாகப் பிடிக்கிறது.

வரி இடைவெளியில் கஞ்சத்தனம் கூடாது. நமக்கு மேலே புள்ளியும் 'கி', 'கீ'யின் வளைவும், கீழே 'கு', 'மூ', 'ரூ'வின் வால்களும் இருக்கின்றன. நெருக்கமான அமைப்பில் மேல்வரி வாலும் கீழ்வரிப் புள்ளியும் ஒன்றையொன்று உரசும். நான் எப்போதும் இருப்பதில் அகலமானதையே வைத்துக்கொள்கிறேன். ஓரங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, குறுகலாக வைத்தால் சரி.

இப்போது வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். இந்தக் கருவி தமிழ் நூல்களை இரு ஓரமும் நேராக நிற்கும்படி இழுத்துப் பரப்பியே காட்டும். நம் சொற்களோ நீளமானவை. 'காத்துக்கொண்டிருந்தவர்களுக்காக' என்று ஒரு சொல் வந்தால் வரியில் மிச்சமிருக்கும் இடம் அதற்குப் போதாது. சொல்லை உடைக்க இந்தக் கருவிக்குத் தெரியாது. அப்படியே தூக்கிக் கீழே போட்டுவிட்டு, மேலே மிஞ்சிய 'அவள்', 'வாசலில்', 'நின்று' மூன்றையும் ஆளுக்கொரு மூலையில் நிறுத்திவிடும். சொற்களுக்கு நடுவே உள்ள வெளி, வரிகளுக்கு நடுவே உள்ள வெளியைவிடப் பெரிதாகிவிட்டால், கண் பக்கத்துச் சொல்லுக்குப் போகாமல் கீழ்வரிக்கு நழுவும். படித்த வரியையே திரும்பப் படிக்க வேண்டியிருக்கிறது. நல்ல கதையில் இது நடக்கும்போது வரும் கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அச்சில் இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். வரி முடிவில் சொல்லை உடைத்து, பெரும்பாலும் இணைப்புக்கோடுகூடப் போடாமல், மிச்சத்தை அடுத்த வரியில் தொடர்வார்கள். புள்ளி வைத்த மெய்யெழுத்தில் வரி தொடங்காமல் பார்த்துக்கொண்டால் வாசிப்பு தடைப்படாது. லேடெக்ஸ் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் தமிழ்ச் சொற்களை உடைக்கும் விதிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அதையெல்லாம் சேர்க்க நேரமில்லை என்றால் போகட்டும், வலப்பக்கத்தை நேராக்காமல் விட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அந்தப் பொத்தானும் இருக்கிறது. ஆங்கில நூலைத் திறந்தால் வேலை செய்கிறது. தமிழ் நூலைத் திறந்தால் மங்கிப்போய், அழுத்தவே முடியாமல் நிற்கிறது!

நியாயமாகப் பார்த்தால் மின்னூல் தயாரிப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பலர் கோப்பின் சிஎஸ்எஸ்ஸிலேயே, அதாவது தோற்றத்தை வகுக்கும் குறிப்பிலேயே, ஜஸ்டிஃபை (இரு ஓரமும் நேராக்கு) என்று எழுதிவிடுகிறார்கள். நகலெடுப்பதைத் தடுக்கும் டிஆர்எம் பூட்டில்லாத ஈபப் (மின்னூல் கோப்பு வகை) என்றால் காலிபர் என்ற கணினி மென்பொருளில் போட்டுச் சரிசெய்யலாம். மாற்றும்போது 'லுக் அண்டு ஃபீல்' பகுதியில் டெக்ஸ்ட் ஜஸ்டிஃபிகேஷனை இடப்பக்கத்துக்கு மாற்றுங்கள். அங்கேயே குறைந்தபட்ச வரி உயரம் 120 சதவீதம் என்று இருக்கும், அதை 150 ஆக்குங்கள். அப்படி மாற்றிய நூல்கள் இதே திரையில் அத்தனை அழகாக வருகின்றன. மணிக்கணக்கில் படித்தாலும் கண் உறுத்துவதில்லை, அடுத்த வரியைத் தேட வேண்டியதில்லை.

ஆனால் காசு கொடுத்து வாங்கிய நூல்களில் பெரும்பாலானவை டிஆர்எம் பூட்டோடு வருகின்றன. அவற்றில் கைவைக்க முடியாது. இலவசமாகக் கிடைத்த நூல் சுகமாக ஓடுகிறது, எழுதியவருக்கு உரியதைக் கொடுத்து வாங்கிய நூல் இடறுகிறது. இதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

திரை, பேட்டரி, எழுத்தின் கூர்மை எதிலும் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் வாங்கலாமா என்று கேட்ட நண்பரிடம் இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன். எந்த இ-ரீடரானாலும் வாங்குவதற்கு முன் கடைக்காரரிடமோ, வைத்திருப்பவரிடமோ கேட்டு அதில் ஒரு தமிழ் நூலைத் திறந்து பாருங்கள். எழுத்தை உங்கள் கண்ணுக்கு வேண்டிய அளவுக்குப் பெரிதாக்குங்கள். அப்புறம் வலப்பக்கத்தை நேராக்காமல் விடும் அந்தப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். மங்கிக் கிடந்தால் வாங்காதீர்கள்.